சின்னவன் தேய்த்த ஓரம்

மேஸ்திரிக்கு மூக்கு மேல் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். கல் ஏற்றி வருகிற வண்டிக்காரன் ஒரு பலகையைச் சற்று வேகமாக இறக்கிவிட்டால் போதும், நாலு வீடு தள்ளிப் பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டு வேடிக்கை கேட்பார்கள். அவரை அடக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது அவர் தம்பி. அவனும் அதற்காகப் பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டான். குனிந்த தலையை நிமிர்த்தாமல், "கத்தாதே அண்ணே, கல்லு விரிசல் விட்டுரும்" என்பான். வேலை நடக்கிற வீட்டுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். மேஸ்திரி தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு அத்தோடு ஓய்ந்துபோவார்.

இருவருக்கும் சமையல் மேடைக்குக் கல் போடுகிற வேலை. அளப்பதும் அறுப்பதும் அண்ணன், ஓரம் தேய்ப்பது தம்பி. அறுத்த கல்லின் ஓரம் கத்திக்குச் சமம். அப்படியே விட்டுவிட்டு வந்தால், அங்கே நின்று சமைக்கிறவளின் மணிக்கட்டை என்றைக்காவது கீறிவிடும். அதனால் அண்ணன் அறுத்துக் கீழே வைத்ததும் தம்பி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். முதலில் மெஷினில் லேசாக ஓர் ஓட்டு, பிறகு உள்ளங்கையளவு தேய்ப்புக் கல்லும் ஒரு குவளைத் தண்ணீரும். கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போகிறவரை விடமாட்டான். "இந்தா, தேய்" என்று அண்ணன் ஒரு நாளும் சொன்னதில்லை. "தேய்க்கட்டுமா" என்று தம்பியும் கேட்டதில்லை. ஓரம் கூராக ஒரு கல் கிடந்தால் அது சின்னவனுக்கென்று கிடக்கிறது, அவ்வளவுதான்.

கல்லைத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். அதெல்லாம் இருவருக்கும் தெரியாததில்லை. ஆனால் சுண்ணாம்பு அடித்து முடித்த வீட்டுக்குள் கல் சேறு ஓடினால் எந்த வீட்டுக்காரன் பொறுப்பான்? அதனால் வெறும் கல்லிலேயே பிளேடை ஓட்டினார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தார்கள். அறுக்கிறவன் நின்றுகொண்டு அறுப்பான். ஓரம் தேய்க்கிறவனுக்கு முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண்தான் தூரம். அந்த ஒரு சாணில்தான் எல்லாம் போயிற்று.

டாக்டர் சின்னவனின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உப்பைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது. இது கல், இது வெளியே வராது, இனிமேல் கூடத்தான் செய்யும் என்றார். மேஸ்திரி அங்கேயே சண்டைக்கு நின்று தன் நெஞ்சையும் படம் எடுக்கச் சொன்னார். அதில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமலே எழுந்து, "அறுத்தது நான், தின்னது அவன்" என்று மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

சின்னவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லி நழுவிவிடுவான். அண்ணன் வீட்டிலேயே பின்னறையில் இருந்துகொண்டான். அண்ணி கையால் சாப்பாடு, அண்ணி வாயால் திட்டு, சாயங்காலமானால் குளித்துவிட்டு வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாகப் பில்லியர்ட்ஸ் கிளப். சைக்கிள் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போகிற இடம். மேஸ்திரி அங்கே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார், தம்பியை வேலைக்குக் கூப்பிட. கூப்பிடாமலே வாசலில் நின்றுவிட்டார். வீட்டில் ஒரு டம்ளரை நேராக வைக்கத் தெரியாதவன், அங்கே கையில் கோலோடு பச்சைத் துணி மேசையைச் சுற்றி நிதானமாக நடந்தான். சுற்றி நின்றவர்கள் மூச்சுக் காட்டவில்லை. குனிந்தான், இடித்தான், கறுப்புப் பந்து போய் மூலைக் குழியில் விழுந்தது. நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்த நிம்மதியை மேஸ்திரி வேறெங்கும் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது அவருக்கு.

நோய் வந்த பிறகும் சின்னவன் ஒரு தரம் படி ஏறிப் பார்த்தான். பாதியில் உட்கார்ந்துவிட்டான். கிளப்காரர் இறங்கி வந்து கைத்தாங்கலாகக் கீழே கொண்டுபோய்விட்டார். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய். குளியலறை வரைக்கும் போய்வர வேண்டும் என்பதற்காக மேஸ்திரி அந்தக் குழாயோடு இன்னொரு குழாயைச் சேர்த்து நீளமாக்கிக் கொடுத்திருந்தார். "மாட்டுக்குக் கயிறு நீட்டிவிட்ட மாதிரி இருக்கு அண்ணி" என்று சின்னவன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும். ஆனாலும் சிரிப்பான்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே அண்ணியிடம் கேட்டான். "போறதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடணும் அண்ணி. ஒண்ணே ஒண்ணு போதும்."

மேஸ்திரியம்மா அதைக் கணவனிடம் சொன்னபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். மேஸ்திரி மறுநாள் காலையில் கிளப்புக்குப் போய், அந்த மேசைத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். கல் என்றார்கள். சிலேட்டுக் கல், மூன்று துண்டு. கல்தானே, வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். கடையில் விற்கிற மேசை அவர்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால் கல்லுக்கு அவர் என்றைக்குப் பயந்தார்?

ஊரில் ஒரு பழைய கல்லூரியை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சோதனைக்கூடத்து மேசைகளெல்லாம் சிலேட்டுக் கல். அமிலம் கொட்டினாலும் அசையாத, இரண்டு விரல் கனத்துக் கறுப்புப் பலகைகள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். விரிசல் உள்ள கல் பொத்தென்று சொல்லும். நல்ல கல் மணி மாதிரி பேசும். பேசிய மூன்றைப் பொறுக்கி வண்டியில் ஏற்றினார். சிலேட்டு என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், இந்த வயதில் எழுதப் படிக்கக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்கும் சின்னவன் அறைக்கும் நடுவே ஒரே சுவர். மேஸ்திரி முதலில் அளந்தது கல்லை அல்ல, ஆக்ஸிஜன் குழாயை. கட்டிலருகிலிருந்து கொட்டகைக் கதவு வழியாக அது எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். மேசையின் ஒரு நீளப் பக்கமும் தலைப்பக்கமும்தான் கோட்டுக்குள் வந்தன. மறுபக்கத்துக்குச் சின்னவனால் போக முடியாது. அந்தப் பக்கத்து ஆட்டத்தை அவன் சொல்கிறபடி தான் ஆடிக் கொடுப்பதாக மேஸ்திரி சொன்னார். "நீ ஆடினா நான் இப்பவே தோத்துட்டேன்" என்றான் சின்னவன். மேஸ்திரியம்மா, சும்மா இருங்கள், நான் ஆடிக் கொடுக்கிறேன், இவரைவிட எனக்குக் கை நேராக வரும் என்றாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அறுக்கிற நாட்களில் கதவை அடைத்து, ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டேதான் அறுத்தார். தூசி ஒரு சிட்டிகைகூடச் சுவர் தாண்டக் கூடாது. எல்லாம் முடிகிற வரைக்கும் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது என்று தம்பிக்கு உத்தரவு. சிலேட்டு அவர் பழகிய கல் இல்லை. அடுக்கடுக்காக இருப்பது, அவசரப்பட்டால் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். பந்து விழுகிற குழிகளுக்கு அரைவட்டமாகத் துளைகள் போட்டு, இடையில் நின்ற கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்தார். குழியின் வாயை உருட்டாகத் தேய்க்க வேண்டியிருந்தது. அதை அவரே தேய்த்தார். தம்பி வேலையைத் தான் செய்வது அவருக்கே என்னவோ போலிருந்தது. கை கோணிற்று. மூன்று தரம் திரும்பத் தேய்த்தார்.

கிளப் மேசைகளுக்குத் துணி மாற்றுகிறவர் ஒருவர் இருந்தார். ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, மூன்று கல்லும் முட்டுகிற மூட்டு ஓரத்தை மட்டும் தொடவே கூடாது என்று எச்சரித்தார். அது கத்தி மாதிரியே இருக்க வேண்டும். கூர் கூரோடு முட்டினால்தான் கோடு தெரியாது, பந்து வழுக்கிக்கொண்டு போகும். துளி மழுங்கினாலும் அங்கே ஒரு பள்ளம் விழும், பந்து குதித்துத் திசை மாறிவிடும். மேஸ்திரி அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டதைச் சின்னவனிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவன்தான் அந்தப் பக்கமே வரப்போவதில்லையே. மேசையைப் பற்றிச் சின்னவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் துணிக்கு மேலேதான். துணிக்கு அடியில் அவன் பார்த்ததே கிடையாது.

பழைய கதவு நிலைகளை அறுத்துக் கால்களும் சட்டமும் ஆயின. சுற்றுக் கட்டைக்கு ரப்பரைக் கிளப்காரரே தன் பழைய மேசையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு செட் பந்தும் ஒரு பழைய கோலும் அனுப்பினார். தெருக்காரர்கள் கை கொடுத்துக் கற்களைத் தூக்கி வைத்தார்கள். மட்டம் பார்க்கக் கல்லுக்கு அடியில் சொருகச் சீட்டுக்கட்டுதான் நல்லது என்று துணிக்காரர் சொல்லியிருந்தார். சின்னவன் தலையணைக்கு அடியிலிருந்து தன் சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்தான். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்கிறவரை மேஸ்திரி ஒவ்வொரு சீட்டாகச் சொருகினார். ராணி ஒரு மூலையில், ஒன்பது ஒரு மூலையில். மூன்று கற்களும் ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன. இழுத்து முட்டவைத்துத் திருகாணி போட்டுத் துணி விரித்தால் ஆட்டம்.

துணி வாங்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து கிளம்பினார்கள். நிறம் பார்க்க அவள் வேண்டும் என்றார் மேஸ்திரி. பச்சையில் என்ன நிறம் பார்ப்பது என்று அவள் கேட்டாள். ஆனாலும் போனாள். வழியெல்லாம் இருவரும் ஏதேதோ பேசிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. குழாய் கொட்டகைப் பக்கம் விறைப்பாக இழுபட்டுக் கிடந்தது. மேஸ்திரி ஓடினார்.

சின்னவன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியெல்லாம் ஈரம். பக்கத்தில் குவளை, கையில் தேய்ப்புக் கல். உதடு நீலம் பூத்திருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கிற்று. முகம் மட்டும் அன்றைக்குக் கறுப்புப் பந்தைக் குழியில் போட்டுவிட்டு நிமிர்ந்தானே, அந்த முகம்.

"எனக்குன்னு விட்டு வச்சிருந்தே இல்ல?" என்றான். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். "பாத்ததும் தெரிஞ்சுது. குழி வாயெல்லாம் நீயே தேச்சுட்டு... இந்த ஓரத்த மட்டும் விட்டு வச்சிருக்கியே... தொட்டுப் பாரு அண்ணே."

மேஸ்திரி தொட்டுப் பார்த்தார். மூட்டு ஓரம் நாலும் முடிந்திருந்தது. கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கூர் என்பது எங்கேயும் இல்லை.

அவருக்குள் அந்தக் கோபம் கிளம்பி வந்தது. இத்தனை நாள் பட்ட பாடு, தட்டித் தட்டிப் பொறுக்கிய கல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த கூர், எல்லாம் போயிற்று. வாயைத் திறந்துவிட்டார். பின்னால் ஓடிவந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. சின்னவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடித்துவிட்டு ஒரு பாராட்டுக்காக அவன் காத்திருந்து மேஸ்திரி பார்த்ததே கிடையாது. இன்றைக்குக் காத்திருந்தான்.

"ஆமாடா" என்றார் மேஸ்திரி. "உனக்குன்னுதான் விட்டு வச்சேன். எனக்கு இந்தக் கை வராதே."

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார். எடை என்று எதுவும் இல்லை அவனிடம்.

பாழாய்ப்போன மேசையை என்ன செய்வது? ஓரத்தைத் திரும்ப அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் மெஷினை ஓட்டினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். முடிந்த கல்லை எதற்கு மறுபடி அறுக்கிறான் என்று சின்னவன் யோசிப்பான். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான். அப்படியே துணியைப் போட்டாலோ முதல் பந்திலேயே தெரிந்துவிடும், அவன் கடைசியாகச் செய்த வேலை அவன் மேசையையே கெடுத்துவிட்டது என்று. இரண்டும் வேண்டாம் என்று மேஸ்திரி முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த மூன்றாவது வழி, பட்டி. நசுங்கிய காருக்கு மெக்கானிக் கடையில் பூசுவார்களே, காய்ந்தால் கல்லாக இறுகுகிற பட்டி. கற்களை முட்டவைத்து, பள்ளத்தில் அதை நிரப்பி, உப்புத்தாளால் சத்தமில்லாமல் தேய்த்து மட்டம் செய்துவிடலாம். தம்பி தேய்த்ததைத் தம்பிக்குத் தெரியாமல் அண்ணன் மூடிவிடலாம்.

மத்தியானம் சின்னவன் கண்ணசரும் நேரமாகப் பார்த்துச் செய்தார். நடுவில் ஆக்ஸிஜன் மெஷின் வேறு உறுமுகிறது, ஒன்றும் கேட்காது என்று நம்பினார். முதல் பூச்சு காய்ந்ததும் சுருங்கி நடுவில் கோடு விட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். அது ஓரிடத்தில் புடைத்தது. தேய்த்தார். மட்டக்கோலை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. மறுபடி பூசினார். துணி எப்போது போடுவாய் என்று தம்பி கேட்கிறபோதெல்லாம் பசை காயவில்லை, சட்டம் இறங்கியிருக்கிறது, ஆணி சரியில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒரே நாளில் இரண்டு விதமாகச் சொன்னார்.

சின்னவனுக்கு இப்போது உட்காருவதே கஷ்டமாயிற்று. ஒரு நாள் அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"துணி இல்லாட்டி என்ன அண்ணே? வெறுங் கல்லுல ஒரு பந்து உருட்டிப் பாக்கறேன். இப்பவே கூட்டிட்டுப் போ."

கறுப்புக் கல்லின் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகளாகப் பட்டி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. குருடனுக்குக்கூடத் தெரியும். வெறும் கல்லில் உருட்டினால் பந்து கீறிப்போகும் என்றார் மேஸ்திரி. நாளைக்குத் துணி போட்டுவிடுகிறேன், நாளைக்கு ராஜா மாதிரி ஆடலாம் என்றார்.

சின்னவன் "சரி அண்ணே" என்றான்.

மறுநாளும் பட்டி மட்டத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு போன மேஸ்திரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். குழாய் மூக்கில்தான் இருந்தது. மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். கிளப்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிளப்பிலேயே கிடந்த சின்னவனின் சொந்தக் கோலை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் போன பிறகு வீடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. அந்த உறுமல் நின்றுபோனதில் இருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. யாரையும் பார்த்துக் கத்தவும் இல்லை. கொட்டகையைத் திறக்கவே இல்லை.

அப்படியே கொஞ்ச நாள் போயிற்று. ஒரு காலையில் மேஸ்திரியம்மா சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்து, சாக்குகளை அவிழ்த்து வெளிச்சம் விட்டாள். மேஸ்திரி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தால் முடித்திருப்பேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தெரியாமல் முடித்திருப்பேன் என்றார்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தேய்க்க ஆரம்பிச்ச முதல் நாளே தெரியும். கண்ண மூடிட்டுப் படுத்திருந்தான். தூங்கறான்னு நெனச்சேன். 'அண்ணி, அந்தச் சத்தம் கேக்குதா? அது கல்லு இல்ல. கல்லு கர்ருங்கும். இது பட்டி, சர்ருங்குது. நான் தேச்சது தப்பாயிருச்சு போல இருக்கு. அண்ணன் அடைக்கறாரு'ன்னான்."

வருஷக்கணக்காகக் கல்லில் காதை வைத்துப் பிழைத்தவன். அவனுக்குப் போய்க் கேட்காது என்று நினைத்தாரே. மேஸ்திரி மெதுவாக அந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன்டா, அவரு ஏன் கெடந்து கஷ்டப்படணும்னேன். கையப் புடிச்சிக்கிட்டான். 'வேணாம் அண்ணி. என் வாழ்க்கையிலயே அண்ணன் கோவப்படாம விட்டது இது ஒண்ணுதான். எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கியிருக்கும் பாவம். கெடுத்துறாதீங்க'ன்னான்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மீதியையும் சொன்னாள். சொல்லாமல் வைத்திருந்ததே அவளைத் தின்றுகொண்டிருந்தது. வெறும் கல்லில் உருட்டிப் பார்க்கிறேன் என்று அவன் கேட்டதே, எல்லாம் தெரிந்துதான். பள்ளம் இருந்தால் என்ன, குதித்தால் குதிக்கிற மாதிரி இடித்துக்கொண்டு போகிறேன், எனக்கு அது பெரிய வித்தையா என்று அவளிடம் சொல்லியிருந்தான். நான் அப்படிக் கேட்டால் அண்ணனே வாயைத் திறந்து சொல்லிவிடுவார், சிரித்துவிட்டு ஆடலாம் என்று நினைத்தான். அண்ணன் நாளைக்கு என்றார். அவனும் சரி என்றுவிட்டான்.

"உனக்காவது சொல்லத் தோணலையா?" என்றார் மேஸ்திரி.

"சத்தியம் வாங்கிட்டான்" என்றாள். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டே இருந்தீங்க. நான் நடுவுல நின்னு கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தேன்."

அவன் கேட்டது ஒரே ஓர் ஆட்டம். மேசை இருந்தது, பந்து இருந்தது, கோல் இருந்தது, ஆடுகிறவன் சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தான். ஒரு பள்ளத்தை மறைக்கிறேன் என்று அதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். யாரிடமிருந்து மறைத்தார்? மேஸ்திரி எழுந்தார். ஆணியிலிருந்து சுரண்டியை எடுத்தார். முதல் மூட்டில் பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தார். இறுகிப்போன பட்டி சில்லுச் சில்லாகத் தெறித்தது. மேஸ்திரியம்மா தடுக்கவில்லை. இன்னொரு சுரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டுக்குப் போனாள்.

பட்டி போனதும் அடியில் சின்னவனின் ஓரம் வெளிப்பட்டது. மேஸ்திரி ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தார். எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் இறங்கவில்லை. வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறவன் தேய்த்த ஓரம். எந்த வீட்டுச் சமையல் மேடையிலும் இவ்வளவு சுத்தமாக அவன் தேய்த்ததில்லை.

மடித்தபடியே கிடந்த பச்சைத் துணியை இருவரும் சேர்ந்து விரித்து இழுத்துக் கட்டினார்கள். சுற்றுக் கட்டையைத் திருகினார்கள். மேஸ்திரியம்மா உறையிலிருந்து கோலை எடுத்தாள். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, துடைப்பத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். தரையில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கோட்டுக்கு உள்ளே, சின்னவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு வெள்ளைப் பந்தை இடித்தாள்.

பந்து போயிற்று. முதல் மூட்டில் டக் என்று குதித்தது. இரண்டாவது மூட்டில் டக் என்று குதித்து, திசை கோணி, கட்டையில் மோதி, போக வேண்டிய இடம் தெரியாமல் நடுவில் வந்து நின்றது.

அப்போதுதான் மேஸ்திரிக்கு அது வந்தது. அன்றைக்கு வாயில் வந்து விழுங்கிய கோபம். "மூட்டு ஓரத்தப் போய் எவனாவது தேய்ப்பானாடா?" என்று கத்தினார். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டியாடா? எந்திரிச்சு நடக்க முடியாத உன்னை யாருடா வரச் சொன்னா? இத்தனை வருஷம் கூட இருந்தியே, அறிவில்லையாடா உனக்கு?" தகரக் கூரை அதிர்ந்தது. நாலு வீடு தள்ளிக் குழாயை மூடினார்கள். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, சின்னவனின் அறைச் சுவரைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு நிறுத்தினார். பழக்கம். அந்த இடத்தில் நிறுத்தினால் பதில் வரும்.

கல் விரிசல் விட்டுவிடும் என்று சொல்ல ஆள் இல்லை. மேஸ்திரி அப்படியே பச்சைத் துணியின் மேல் கவிழ்ந்து அழுதார். அவர் மனைவி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.